முக்கால் மணிக் கச்சேரிக்குப் பட்டியல் போடுவது எப்படி?

கர்நாடக சங்கீதம் கற்றுக்கொண்டு ஆறேழு வருஷம் ஆன பிள்ளைகளுக்கு முதன்முதலில் கிடைப்பது பெரும்பாலும் முக்கால் மணி மேடைதான். வேலூர்ப் பக்கம் நவராத்திரி ஒன்பது நாளில் ஒரு நாள், ஆடிக் கிருத்திகைக்கு ஒரு முருகன் கோயில் மண்டபம், மார்கழியில் ஒரு பஜனை மடம் என்று கூப்பிடுவார்கள். நோட்டில் உருப்படி, அதாவது பாடம் பண்ணிய பாட்டு, நாற்பது ஐம்பது இருக்கும். அதில் எதைப் பாடுவது, எதை விடுவது, எதற்குப் பின் எதை வைப்பது? இது தெரியாமல் மேடை ஏறுகிறவர்கள் குரல் நன்றாக இருந்தும் தடுமாறுகிறார்கள். ராகம், தாளம் கற்பது போலவே இதையும் உட்கார்ந்து கற்க வேண்டும். கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் காது, அவ்வளவுதான் தேவை.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விட்டுவிட வேண்டும். இன்று நாம் கேட்கும் கச்சேரி அமைப்பு, அதாவது குரலைத் திறக்கும் வர்ணம், விறுவிறுப்பான சில கீர்த்தனைகள், நடுவே விஸ்தாரமான ஒரு ராகம், தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம், கடைசியில் சின்னச் சின்னத் துக்கடாக்கள் என்ற வரிசை, அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890-1967) நிலைநிறுத்தியது. இரண்டரை மூன்று மணி நேரத்துக்கு அது பொருந்தும். முக்கால் மணிக்கு அதையே அளவு குறைத்துத் தைத்தால் எல்லாம் நாலு நாலு நிமிடமாக ஒன்பது உருப்படி வரும். பாட்டு வரி இல்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனை ஆரம்பித்த இடத்திலேயே நின்றுவிடும், ஒரே வரியைப் பல விதமாகப் பாடும் நிரவல் சூடு பிடிக்கும் முன் முடிவுக் கணக்கான கோர்வை வந்துவிடும். கேட்டவர்கள் "நிறையப் பாடினாங்க" என்பார்கள். எதைப் பாடினார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

குறுகிய கச்சேரியில் ஒரே ஒரு உருப்படியில்தான் உட்கார முடியும். அது எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதற்கு வழிவிடவும், அதிலிருந்து இறங்கி வரவும்தான். பட்டியலை முதல் பாட்டிலிருந்து எழுதத் தொடங்காமல் நடுவிலிருந்து எழுதுவது இதற்காகத்தான்.

கையில் இருப்பது 45 நிமிடம் இல்லை

அழைப்பிதழில் 6.30 முதல் 7.15 வரை என்று இருக்கும். அந்த 45 நிமிடத்தில் பாட்டுக்குக் கிடைப்பது எவ்வளவு என்று பாருங்கள். முந்தைய நிகழ்ச்சிக்காரர்கள் இறங்கி, நீங்கள் ஏறி உட்கார்ந்து, மைக்கை வாய்க்கு நேராக்கி, வயலினும் மிருதங்கமும் சுருதி சேர 3 நிமிடம். பாட்டுக்குப் பாட்டு இடையில் தண்ணீர் குடிக்க, வயலின்காரர் தந்தியைத் திருத்த அரை நிமிடத்துக்கு மேல் போகும். ஆறு உருப்படி என்றால் ஐந்து இடைவெளி, 3 நிமிடம். கடைசியில் பொன்னாடை, பிரசாதம், நன்றியுரை, 3 நிமிடம். மீதி 36. உங்கள் கச்சேரி அந்த 36 நிமிடம்தான்.

கோயிலாக இருந்தால் இன்னொன்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்: தீபாராதனை எத்தனை மணிக்கு? மணி அடித்து, மேளம் ஒலிக்கும்போது பாடிக்கொண்டிருப்பது முறையும் இல்லை, காதில் விழவும் விழாது. ஆலாபனை நடுவே அது வந்தால் எழுந்த பாவம் முழுதும் கலைந்துவிடும். குருக்களிடமோ விழாக் குழுவிடமோ முன்கூட்டியே நேரத்தைக் கேட்டு, அந்த நேரத்துக்கு இரண்டு பாட்டுக்கு நடுவேயான இடைவெளி விழுமாறு பட்டியலை நகர்த்திவிடலாம். சுவாமி புறப்பாடு இருக்கும் நாளென்றால் முடிக்கும் நேரத்தை ஒரு நிமிடம்கூடத் தாண்டக் கூடாது. நாதஸ்வரக்காரர்கள் காத்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு பாட்டு எத்தனை நிமிடம்?

"ஒரு அஞ்சு நிமிஷம் வரும்" என்று குத்துமதிப்பாகச் சொல்வதுதான் பாதி குழப்பத்துக்குக் காரணம். ஆவர்த்தனத்தை, அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றை, எண்ணிக் கணக்குப் போட்டால் விநாடி சுத்தமாக வரும்.

ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. நிமிடத்துக்கு 80 எண்ணிக்கை என்ற மத்திமமான ஓட்டத்தில் ஓர் எண்ணிக்கைக்கு முக்கால் விநாடி, ஓர் ஆவர்த்தனத்துக்கு 6 விநாடி. இப்போது ஒரு சாதாரண கீர்த்தனையை எடுத்துக்கொள்வோம். பல்லவிக்கு ஓர் ஆவர்த்தனம், ஆறு சங்கதி (அதே வரியின் மெட்டு மாற்றங்கள்), ஒவ்வொன்றும் இரண்டு தரம்: 12 ஆவர்த்தனம். அனுபல்லவி இரண்டு ஆவர்த்தனம், மூன்று சங்கதி, இரண்டிரண்டு தரம்: இன்னொரு 12. பல்லவிக்குத் திரும்பினால் 2. சரணம் திருப்பல்களோடு 16. மறுபடி பல்லவி பாடி நிறுத்த 4. மொத்தம் 46 ஆவர்த்தனம், 276 விநாடி. அதாவது 4 நிமிடம் 36 விநாடி. ராகமோ ஸ்வரமோ சேர்க்காமல், வெறும் பாட்டுக்கே இது.

இதே ஆதி தாளத்தை இரண்டு களையில், அதாவது ஒவ்வோர் எண்ணிக்கையையும் இரட்டித்து, எடுத்தால் எண்ணிக்கை பதினாறாகும், ஆவர்த்தனம் 12 விநாடி ஆகும். முப்பது ஆவர்த்தனப் பாட்டு 6 நிமிடம் எடுக்கும். பெரிய உருப்படிகள் பாட்டாகவே ஏன் நேரம் தின்கின்றன என்பது இதில் புரியும்.

சங்கதிகளின் எண்ணிக்கை பாடாந்தரத்துக்குப் பாடாந்தரம் மாறும் என்பதையும் மறக்க வேண்டாம். தியாகராஜரின் கீர்த்தனைகள் நமக்கு வந்து சேர்ந்த மூன்று பெரிய சிஷ்ய வழிகள் உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை. மூன்றாவது நம் பாலாற்றங்கரை வாலாஜாபேட்டைதான். அங்கே வாழ்ந்த வெங்கடரமண பாகவதர் தியாகராஜரின் நேரடிச் சீடர், குருவின் பாட்டுகளை எழுதிக் காத்தவர். ஒரே கீர்த்தனையை ஒரு வழியில் ஐந்து சங்கதியோடும் இன்னொரு வழியில் ஒன்பது சங்கதியோடும் பாடம் சொல்லியிருப்பார்கள். எனவே யூடியூபில் யாரோ பாடிய நேரத்தைப் பார்த்து உங்கள் பாட்டுக்கு நேரம் போடாதீர்கள். உங்கள் பாடத்தை நீங்களே எண்ணுங்கள்.

இனி, எல்லோரும் தவறவிடும் இடம். ஆலாபனைக்கும், ஸ்வரங்களை மேடையிலேயே கோத்துப் பாடும் கல்பனாஸ்வரத்துக்கும் வயலின் பதில் உண்டு. நீங்கள் 4 நிமிடம் ராகம் பாடினால் வயலின் குறைந்தது 2 நிமிடம் வாசிப்பார். ஸ்வரத்தில் கிட்டத்தட்ட சரிபாதி. ஒரு ஆவர்த்தனம் ஸ்வரம், எடுப்பு வரி (ஸ்வரம் திரும்பி வந்து சேரும் பாட்டு வரி) ஓர் ஆவர்த்தனம், வயலின் ஓர் ஆவர்த்தனம், அவர் எடுப்பு வரி ஓர் ஆவர்த்தனம் என்றால் ஒரு சுற்றுக்கு 4 ஆவர்த்தனம், 24 விநாடி. ஐந்து சுற்றுக்கு 2 நிமிடம். அதற்கு மேல் கோர்வை. "கொஞ்சம் ஸ்வரம் பாடுறேன்" என்பது இப்படித்தான் 4 நிமிடமாகிறது. தனி ஆவர்த்தனமும் அப்படியே. மிருதங்கம் மட்டும் என்றால் 4 நிமிடத்தில் அழகாக முடிக்கலாம். கூட கடமோ கஞ்சிராவோ இருந்தால் மாறி மாறி வாசிக்க வேண்டும், 7 நிமிடத்துக்குக் குறையாது. முக்கால் மணிக் கச்சேரிக்கு உபபக்கவாத்தியம் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வைத்துக்கொண்டு வாசிக்க விடாமல் இருப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

மேடையில் எல்லோருக்கும் வேகம் கூடும். நெஞ்சு படபடக்கும்போது தாளம் போடும் கையும் கூடவே ஓடும். வீட்டில் 80 எண்ணிக்கையில் பாடியது மேடையில் 88 ஆகிவிட்டால் 6 நிமிடப் பாட்டு அரை நிமிடம் முன்னதாகவே முடியும். நேரம் போனால்கூடப் பரவாயில்லை, வேகச் சங்கதிகளில் அட்சரங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும், பிருகா என்ற வேகச் சுழிப்பு தெளிவாக விழாது. பல்லவி தொடங்கும் முன் பாட்டின் மிகக் கஷ்டமான சங்கதியை மனசுக்குள் ஒரு தரம் ஓட்டிப் பார்த்து, அது எந்த ஓட்டத்தில் சுகமாக விழுகிறதோ அந்த ஓட்டத்தில் பல்லவியை எடுங்கள். பல்லவியின் சுகத்துக்கு எடுத்தால் பிறகு மாட்டிக்கொள்வீர்கள்.

நடுவில் எது?

பிரதான உருப்படிக்குப் பெரிய ராகம்தான் வேண்டும் என்று தோன்றும். தோடி, பைரவி, காம்போதி, சங்கராபரணம், கல்யாணி என்று பட்டியல் மனசில் ஓடும். தேர்வுக்கு ஒரே அளவுகோல்: எழுதி வைத்ததைப் பார்க்காமல், ஒரே சஞ்சாரத்தைத் திருப்பாமல், உங்களால் 4 நிமிடம் ஆலாபனை பாட முடிகிற ராகம் எது? தோடியில் இரண்டு நிமிடத்தில் சரக்கு தீர்ந்துவிடுமென்றால் தோடி இப்போது வேண்டாம். மோகனத்தில் நாலு நிமிடம் புதிதாகப் பாட முடியுமென்றால் மோகனமே பிரதானமாக இருக்கட்டும். கேட்பவர்களுக்கு ராகத்தின் பெருமையைவிட அதில் நீங்கள் எவ்வளவு நிம்மதியாக நடமாடுகிறீர்கள் என்பதுதான் முதலில் தெரியும்.

பிரதானத்தை எப்போது தொடங்குவது? முதல் பத்து நிமிடத்தில் குரல் இளகும், மைக்காரர் அளவை ஒருவழியாகச் சரிசெய்திருப்பார், வயலினும் உங்கள் போக்கைப் பிடித்திருக்கும். அதற்குப் பிறகு தள்ளிப்போட்டால் கூட்டம் கலையத் தொடங்கும். ஆகவே பத்தாவது நிமிடத்திலிருந்து பதிமூன்றாவது நிமிடத்துக்குள் ஆலாபனை தொடங்கிவிட வேண்டும். சபாவில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர்கள் போலக் கோயில் கூட்டம் இருக்காது. தரிசனம் முடித்துப் பிரசாதத்தோடு வந்து உட்காருவார்கள், பத்து நிமிடம் கேட்டுவிட்டு வண்டியை எடுக்கப் போவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. யார் எப்போது வந்து உட்கார்ந்தாலும் ஒரு முழு உருப்படியாவது காதில் விழ வேண்டும், அதற்கேற்ப அமைத்துக்கொள்வதுதான் நம் வேலை.

முன்னும் பின்னும் எது?

இங்கேதான் காது வேண்டும். அடுத்தடுத்த இரண்டு பாட்டுகள் ராகம், தாளம், ஓட்டம், எடுப்பு (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம்), மொழி ஆகிய ஐந்தில் குறைந்தது மூன்றிலாவது வேறுபட வேண்டும். ஐந்தும் ஒன்றாக இருந்தால் கேட்பவருக்கு இரண்டும் ஒரே பாட்டு.

ராகத்தில் பெயர் வேறாக இருப்பது மட்டும் போதாது. ஆபோகிக்கும் ஸ்ரீரஞ்சனிக்கும் இடையே நிஷாதம் (நி) ஒன்றுதான் வித்தியாசம். அடுத்தடுத்து வைத்தால் முதலில் பாடியதன் சாயை அடுத்ததின் மேல் விழும், பாடுகிற உங்களுக்கே வாய் தவறும். மாயாமாளவகௌளைக்குப் பின் பந்துவராளி வைத்தால் மத்யமம் (ம) ஒன்றைத் தவிர மற்ற ஸ்வரங்கள் எல்லாம் அதேதான். மோகனத்தின் ஸ்வரங்கள் முழுதும் கல்யாணிக்குள் இருக்கின்றன. பிரதானம் கல்யாணியென்றால் அதற்குச் சற்று முன் மோகனம் பாடினால் கல்யாணியின் புதுமை குறைந்துபோகும். எளிய வழி, பிரதானம் பிரதி மத்யம (மேல் ம) ராகமென்றால் அதற்கு நேர்முன் உள்ளது சுத்த மத்யமமாக (கீழ் ம), முடிந்தால் சாதாரண காந்தாரமாகவும் (கீழ் க) இருக்கட்டும். அந்தர காந்தாரமும் (மேல் க) பிரதி மத்யமமும் சேர்ந்து திறக்கும்போது மண்டபத்துக்கே ஜன்னல் திறந்த மாதிரி இருக்கும்.

தாளத்தில் ஆதி, ரூபகம், மிஸ்ர சாபு, கண்ட சாபு என நான்கை வைத்துக்கொண்டாலே முக்கால் மணிக்குப் போதும். மூன்றும் ஆதியாகப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எடுப்பையும் கவனியுங்கள். மூன்று பாட்டும் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டிலேயே, தொடங்கினால் கச்சேரி அணிவகுப்பு மாதிரி நடக்கும். நடுவே ஒன்று அரை இடத்தில் எடுத்தால் மிருதங்கக்காரருக்கும் உற்சாகம் வரும்.

மொழி விஷயத்தில் நம் ஊர் கொஞ்சம் தனி. சித்தூர் ஜில்லா உருவானது 1911-இல்தான். அதுவரை அந்தப் பகுதி வடாற்காட்டோடு சேர்ந்தே இருந்தது. ஆகவே தெலுங்குக் கீர்த்தனை இங்கே அந்நியமாகப் படாது. காட்பாடியிலும் குடியாத்தத்திலும் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் கேட்டு உட்காருவார்கள், உச்சரிப்பைத் தப்பாகச் சொன்னால் கண்டுபிடித்தும் விடுவார்கள். ஆனாலும் 36 நிமிடத்தில் பாதிக்குக் குறையாமல் தமிழ் இருக்கட்டும். சொல் புரிந்து கேட்கும்போது பத்து வருஷப் பழக்கமில்லாத காதும் நிரவலை அனுபவிக்கும்.

தலத்தை ஒட்டிய பாட்டு ஒன்று கண்டிப்பாக வேண்டும், அதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. அருணகிரிநாதர் வள்ளிமலையைத் திருப்புகழில் பாடியிருக்கிறார். திருவல்லத்துக்குச் சம்பந்தர் தேவாரம் உண்டு. திருவண்ணாமலை மேல் முத்துசுவாமி தீட்சிதர் பாடிய பஞ்சபூதத் தலக் கிருதி சாரங்க ராகத்தில், ரூபக தாளத்தில் இருக்கிறது. ஒரு கோயிலில் அந்த மூர்த்தியின் மேல் பாட்டு எழும்போது தூணோரம் பேசிக்கொண்டிருப்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள்.

திருப்புகழ் எடுப்பதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. அதன் தாளம் சந்தத்திலிருந்து பிறப்பது, வழக்கமான தாளங்களில் அடங்காதது பல உண்டு. சந்தத்தை மிருதங்கக்காரரிடம் முந்தின நாளே சொல்லிக் காட்டுங்கள். மேடையில் திரும்பி "அண்ணா, இது வேற கணக்கு" என்று சொன்னால் அவர் முதல் அடி முழுதும் தேடிக்கொண்டிருப்பார்.

சுருதி, தோல், தந்தி

கட்டை என்பது சுருதியின் அளவு. பெண் குரல் ஐந்தரைக் கட்டை, ஆண் குரல் ஒரு கட்டை என்றால் இரண்டுக்கும் ஒரே மிருதங்கம் வராது. சுருதிக்கு ஏற்ப ஹெச்சு, தக்கு என்று மிருதங்கமே வேறு வேறு. உங்கள் கட்டையை ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். ஒரே மேடையில் அண்ணன் ஒரு பாட்டு, தங்கை ஒரு பாட்டு என்று மாறி மாறிப் பாடும் திட்டம் காதுக்கு அழகு போலத் தோன்றும், ஆனால் ஒவ்வொரு தரமும் வாத்தியம் மாற்றிச் சுருதி சேர்க்க 2 நிமிடம் போகும். 36-இல் அதற்கு இடமில்லை.

ஆடி மாதம் சாயங்காலம் மழை பிடித்தால் மிருதங்கத் தோல் ஈரம் குடித்துத் தளரும், சுருதி இறங்கும். மேடை விளக்குச் சூட்டில் நேர்மாறாக இறுகி ஏறும். சித்திரை வெயில் அடங்காத வேலூர் மாலையில் வயலின் தந்தி நீண்டு சுருதி தாழும். ஆகவே பிரதானத்துக்கு முன்பான இடைவெளியை மட்டும் முக்கால் நிமிடமாக வைத்து, அதில் இருவரையும் நிதானமாகச் சேர்க்க விடுங்கள். கேட்பவர்களுக்கு அந்த மௌனம் தொந்தரவு இல்லை, பெரிதாக ஒன்று வரப்போகிறது என்று நிமிர்ந்து உட்காருவார்கள்.

மத்யம சுருதியில் பாடும் உருப்படிகளைக் குறுங்கச்சேரியில் தவிர்ப்பது நல்லது. தம்புராவில் பஞ்சமத்தை மத்யமமாக இறக்க வேண்டும், காதும் புது ஆதாரத்துக்குப் பழக வேண்டும். இதற்கெல்லாம் பெரிய கச்சேரியில்தான் அவகாசம்.

ஒரு பட்டியலைப் போட்டுப் பார்ப்போம்

ஆடிக் கிருத்திகை, முருகன் கோயில் மண்டபம், 6.30 முதல் 7.15. ஐந்தரைக் கட்டை, வயலின், மிருதங்கம். பிரதானம் கல்யாணி என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் முதலில் எழுத வேண்டியது அதுதான்: ஆலாபனை 4, வயலின் 2, இரண்டு களை ஆதியில் கீர்த்தனை 6, ஸ்வரம் 3, தனி 4. மொத்தம் 19. கிடைத்த 36-இல் பாதிக்கு மேல் இதற்கே போகிறது. பயப்பட வேண்டாம், அப்படித்தான் போக வேண்டும்.

நிரவலைக் காணோமே என்று கேட்கலாம். நிரவல், ஸ்வரம், தனி மூன்றையும் 19 நிமிடத்தில் அடக்கினால் மூன்றும் அரைகுறையாகும். நிரவலில் பலம் உள்ளவர்கள் ஸ்வரத்தை விட்டு நிரவலை எடுக்கலாம், இரண்டில் ஒன்று மட்டும்.

அதற்கு முன்னால் இரண்டே உருப்படி. தொடக்கத்தில் ஹம்ஸத்வனியில் பிள்ளையார் கீர்த்தனை, ஆதி, நாலைந்து சுற்றுச் சின்ன ஸ்வரத்தோடு 5 நிமிடம். வர்ணம் வேண்டாமா? வர்ணத்தால் குரல் திறக்கும், மைக் அளவும் சரியாகும், இரண்டும் உண்மை. ஆனால் வர்ணமும் பிள்ளையார் பாட்டும் சேர்ந்தால் பத்து நிமிடம் வாசலிலேயே நிற்கிறோம். ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். வர்ணத்தை வீட்டிலேயே இரண்டு காலமும் பாடிவிட்டு வந்து, மேடையில் பிள்ளையாரோடு தொடங்குங்கள். அடுத்து ஸ்ரீரஞ்சனியில் ஒரு தமிழ்க் கீர்த்தனை, ரூபகம், ராகமும் ஸ்வரமும் இல்லாமல் 5 நிமிடம். சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், தாளம் வேறு. இதிலிருந்து கல்யாணிக்குப் போனால் திறப்பு தெளிவாகக் கேட்கும்.

தனி முடிந்து பல்லவியைப் பாடி நிறுத்தியதும் கைதட்டல் எழும். அதன் மேல் உடனே விறுவிறுப்பான இன்னொரு கீர்த்தனையை ஏற்றாதீர்கள். காது களைத்திருக்கும். தாளமில்லாத ஒரு விருத்தம், 2 நிமிடம், சிந்துபைரவியில் வள்ளிமலையை நினைத்து. அதிலிருந்தே திருப்புகழுக்குள் இறங்கி 3 நிமிடம். பிறகு மங்களம், 2 நிமிடத்துக்குள். கூட்டினால் 5, 5, 19, 5, 2: முப்பத்தாறு.

இதை அரைத்தாளில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் ராகம், தாளம், எடுப்பு, நிமிடம் போக, கடைசியில் அது முடிந்திருக்க வேண்டிய கடிகார மணியையும் எழுதுங்கள். ஹம்ஸத்வனி 6.38. ஸ்ரீரஞ்சனி 6.44. கல்யாணி தனியோடு 7.04. திருப்புகழ் 7.10. மங்களம் 7.12. மேடையில் "எவ்வளவு நேரம் ஆச்சு" என்று கழித்துக் கூட்டிக்கொண்டிருக்க முடியாது. கடிகாரத்தையும் தாளையும் ஒரு பார்வை பார்த்தால் போதும் என்று இருக்க வேண்டும். இரண்டு நகல் கூடுதலாக எழுதி வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் கொடுத்துவிடுங்கள். தனிக்கு 4 நிமிடம்தான் என்று மிருதங்கக்காரருக்குத் தாளிலேயே தெரிந்துவிடும். அவரைப் பார்த்துக் கையைக் காட்டி அவசரப்படுத்த வேண்டியிருக்காது.

தாமதமானால் எதை வெட்டுவது?

வரவேற்புரை நீண்டு, பொன்னாடைகள் நீண்டு, 6.30 என்பது 6.42 ஆவது சாதாரணம். விழாக் குழுவினர் "7.15-க்குள்ள முடிச்சிடும்மா" என்பதை மட்டும் மாற்றிச் சொல்ல மாட்டார்கள். அந்த நேரத்தில் யோசிக்கத் தொடங்கினால் கை நடுங்கும். வீட்டிலேயே பட்டியலில் மூன்று குறி போட்டு வையுங்கள். கட்டாயம் பாட வேண்டியதற்கு ஒரு கோடு, விட்டுவிடலாம் என்பதற்கு ஒரு புள்ளி, இழுக்கவும் சுருக்கவும் முடிவதற்கு ஒரு வளையம்.

மேலே சொன்ன பட்டியலில் புள்ளி ஸ்ரீரஞ்சனிக்கு. அதை எடுத்துவிட்டால் இடைவெளியோடு 6 நிமிடம் மிச்சம். அடுத்து ஹம்ஸத்வனி ஸ்வரம், ஒன்றரை நிமிடம். அதற்கும் மேல் வேண்டுமென்றால் கல்யாணி ஸ்வரத்தைக் கோர்வையோடு மட்டும் நிறுத்தினால் 2 நிமிடம். ஒன்பதரை நிமிடம் ஆகிவிட்டது. மீதி இரண்டரையைத் தனியில் கேளுங்கள், மிருதங்கக்காரரிடம் முன்பே பேசியிருந்தால் ஒன்றரை நிமிடத்தில் முடிவுச் சொற்கட்டான ஒரு மோரா, கோர்வையோடு நேர்த்தியாக முடித்துக் கொடுப்பார். கல்யாணி ஆலாபனையிலும் கீர்த்தனையிலும் கை வைக்காதீர்கள். சரணத்தை விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். பாட்டை இயற்றிய வாக்கேயக்காரரின் முத்திரை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், பாட்டைப் பாதியில் விட்டது தெரிந்தவர்களுக்கு உடனே தெரியும்.

வளையம் விருத்தத்துக்கு. ஒரே ராகத்தில் ஒன்றரை நிமிடத்தில் முடிக்கலாம், அதே பாடலை மூன்று ராகத்தில் ராகமாலிகையாக விரித்தால் ஆறு நிமிடமும் தாங்கும். அடுத்து வர வேண்டிய குழு இன்னும் காட்பாடி ஸ்டேஷனில்தான் இறங்கியிருக்கிறது, "இன்னும் பத்து நிமிஷம் பாடுங்க" என்று சீட்டு வந்தால் பதற்றமில்லாமல் விரிக்க இதுதான் இடம். அதற்காகவே விருத்தத்தின் ராகங்களை முன்பே வரிசைப்படுத்திப் பழகியிருங்கள். வயலின்காரருக்கும் அந்த வரிசை தெரிந்திருக்கட்டும். கூட்டத்திலிருந்து பாட்டுக் கேட்டுத் துண்டுச் சீட்டு வருவதும் உண்டு. கற்ற பாட்டாகவும் மங்களத்துக்கு முன் 3 நிமிடத்தில் முடிவதாகவும் இருந்தால் பாடலாம். பாதி மறந்த பாட்டைக் கேட்டவர் மனசு நோகக் கூடாதென்று எடுத்து அனுபல்லவியில் நிற்பதைவிட, பணிவாகக் கும்பிட்டு விட்டுவிடுவது நல்லது.

ஒத்திகை

பட்டியலை முழுதாக, நிறுத்தாமல், மேடையில் உட்காரும் மாதிரியே உட்கார்ந்து, குறைந்தது மூன்று தரம் பாடுங்கள். தனித்தனியாக நன்றாக வரும் பாட்டுகள் வரிசையில் வரும்போது வேறு மாதிரி நடந்துகொள்ளும். முதல் பாட்டில் தாரஸ்தாயி பஞ்சமம் வரை கத்திவிட்டு வந்தால் கல்யாணி ஆலாபனையில் மேல் ஷட்ஜத்தில் நிற்கும்போது குரல் கரகரக்கும். அப்போதுதான் முதல் பாட்டு மத்யஸ்தாயியில் உலவுவதாக இருக்க வேண்டும் என்பது தெரியவரும், பாட்டை மாற்றிக்கொள்ளலாம். மேடைக்கு முந்தின வாரத்துக்குப் பிறகு மாற்ற வேண்டாம்.

ஒத்திகையைச் செல்போனில் பதிவு செய்து, பாட்டுகளை விட்டுவிட்டு இடைவெளிகளை மட்டும் கேளுங்கள். ஒரு பாட்டு முடிந்து அடுத்த ராகத்தின் முதல் ஸ்வரம் வரும்வரை என்ன நடக்கிறது? நோட்டுப் புரட்டும் சத்தம், "அடுத்தது என்ன" என்ற முணுமுணுப்பு, தொண்டைச் செருமல் எல்லாம் மைக்கில் விழும். பாட்டு வரிகள் மனப்பாடமாகி, தாளில் பட்டியல் மட்டும் இருந்தால் அந்த அரை நிமிடம் சுருதி மட்டும் ஒலிக்கும் அரை நிமிடமாகிவிடும். மங்களத்தின் கடைசி வரி முடிந்த பிறகும் சுருதிப் பெட்டியை உடனே அணைக்காதீர்கள். கைகூப்பி நிமிர்ந்த பிறகு அணைக்கலாம்.